பிளாஸ்ரிக்குக்குள் ஒரு அமெரிக்கா

அத்தியாயம் பதினொன்று

போன கிழமை யோகமலருக்கு அமெரிக்கா விழுந்த இடத்தில் நிறுத்தியிருந்தோம்.

விழுந்தது என்றால், லொத்தரில். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான சனம், அமெரிக்காவில் குடியேற விடுகிற கிறீன் காட் லொத்தருக்கு எழுதிப்போட்டு, நேர்த்தி வைத்து, தபால்காரனைக் கண்டால் மயங்கி விழுந்துகொண்டிருக்க, ஸ்காபரோவில் பதினாலாம் மாடியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்த யோகமலருக்கு அது வந்தது. அதுவும் அவளுடைய பெயருக்கே வந்தது. புருஷன் சிவபாதத்தின் பெயர் அடியில், சின்ன எழுத்தில் கிடந்தது.

எழுதிப்போட்டது கிளடிஸ். ரெக்ஸ்டேலில், விமானத்துக்குச் சாப்பாடு அடைக்கிற தொழிற்சாலையில், யோகமலருக்குப் பக்கத்தில் நின்று தட்டில் பணிஸ் வைக்கிறவள். ஒஷாவாவில் பிறந்தவள், அவளுடைய அப்பனும் அங்கேதான், அப்பனின் அப்பனும் அங்கேதான். புளோரிடாவில் ஒரு தோடை மரத்துக்குக் கீழே, ஒரேஞ் உரித்துக்கொண்டு, வெறுங்காலோடு இருக்கவேண்டும் என்பது அவளுக்கு முப்பது வருஷத்துக் கனவு. ஆனால் கனடாவில் பிறந்தவர்கள் அந்த லொத்தருக்கு எழுத முடியாது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்கள் எழுதலாம்.

"நாலு தலைமுறையா ஸ்னோ அள்ளுறம், எங்களுக்கு இல்லையாம். நேற்று வந்த உனக்கு ஓமாம்!" என்று கிளடிஸ் இங்கிலீசில் பொருமினாள். பொருமிப் பொருமியே, சாப்பாட்டு இடைவேளையில், தன் முத்துப்போன்ற கையெழுத்தில் யோகமலரின் விபரம் எல்லாம் எழுதி முத்திரை ஒட்டினாள். "போய் நல்ல மரமாப் பாத்துப் பிடிச்சு வை. நான் பின்னால வாறன்."

யோகமலருக்குத் தோடை மரம் தேவையில்லை. அவளுக்கு அமெரிக்காவில் ஒரேயொரு வீடு வேண்டும். ஒஹாயோவில், செல்வரட்ணத்தின் வீட்டுக்கு நேர் எதிர் வீடு.

அங்கே குடியேறிக் காலையில் கருவாடு பொரிக்கவேண்டும். மத்தியானம் கருவாடு பொரிக்கவேண்டும். பின்னேரம், ஒரு மாறுதலுக்கு, நெத்தலி. செல்வரட்ணம் படம் பிடித்துப் படம் பிடித்து அனுப்புகிற அந்தப் புல்வெளியில் ஒவ்வொரு புல்லும் மூக்கைப் பொத்திக்கொண்டு சாயவேண்டும். அவளுடைய அமெரிக்கக் கனவு இவ்வளவுதான். வேறு ஒன்றும் அதில் இல்லை.

செல்வரட்ணம் அயலான் இல்லை. சிவபாதத்தின் அக்கா இராஜேஸ்வரியின் புருஷன். எழுபத்தாறிலேயே படிக்கப் போய், ஒஹாயோவில் ஒரு பெயின்ற் கொம்பனியில் கெமிஸ்ற் ஆனவர்.

எண்பத்தேழாம் ஆண்டு பெப்ரவரியில் கனடா அகதிகளுக்குத் திடீரென்று கதவைச் சாத்த, அமெரிக்க எல்லையில், பஃபலோவில் ஒரு சேர்ச் மண்டபத்தில் அகப்பட்டுப்போன சனத்தில் யோகமலரும் ஒருத்தி. காலில் ரப்பர் செருப்பு. இடுப்பில் இரண்டு வயசு கௌசி. வெளியே, யோகமலர் சொல்லும் அளவில், பனை உயரத்துக்கு ஸ்னோ. மண்டபத்து ரெலிபோனுக்கு இரண்டு மணித்தியாலம் வரிசையில் நின்று, அத்தானோடு கதைத்துவிட்டு வந்த சிவபாதம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அமெரிக்காவில வீட்டுக்கு வாறதெண்டால் ஒரு மாதத்துக்கு முதல் அப்பொயின்ற்மென்ற் எடுக்கோணுமாம்."

இருபத்துமூன்று நாள் சீமெந்து நிலத்தில் படுத்தார்கள். கௌசியின் இருமலில் மண்டபத்துக் கண்ணாடிகள் அதிர்ந்தன. அன்றிலிருந்து யோகமலர் அந்த வசனத்தைப் பல் தீட்டும்போது நினைப்பாள், பஸ்ஸுக்கு நிற்கும்போது நினைப்பாள், முருகனைக் கும்பிடும்போதும் நினைப்பாள். முருகனுக்கே இப்போது அது பாடமாயிருக்கும். செல்வரட்ணத்திடம் மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. "அக்கான்ர வாழ்க்கை, யோகம். அவரிட்ட ஒண்டும் கேக்கமாட்டன் எண்டு என்ர தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணும்," என்று சிவபாதம் அந்தச் சீமெந்திலேயே வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டார்.

பத்து வருஷம் கழித்து, இந்தச் சனிக்கிழமை, அந்தச் செல்வரட்ணம் குடும்பத்தோடு வருகிறார். முதல் முறையாக. "ஒரு விசயம் நேர கதைக்கோணும்," என்று இராஜேஸ்வரி ரெலிபோனில் சொன்னாள். என்ன விசயம் என்று சொல்லவில்லை.

யோகமலருக்கு அது தேவையுமில்லை. அவர் வந்தால் போதும்.

* * *

சனிக்கிழமையில் மச்ச மாமிசம் தொடமாட்டேன் என்று வருஷக்கணக்காக விரதம் பிடிக்கிற யோகமலர், அன்றைக்குச் சனீஸ்வரனுக்கு லீவு கொடுத்துவிட்டு நண்டு வாங்கியிருந்தாள். நண்டுக்கறி, இறால் பொரியல், கணவாய்ப் பிரட்டல், ஆட்டு இறைச்சி, பிட்டு, இடியப்பம், சோறு, சொதி. வாசம் பதினாலு மாடியும் இறங்கிப்போய், எக்ளின்ரன் றோட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்களில் மூன்று பேர் பஸ்ஸை விட்டுவிட்டார்கள்.

"வெள்ளிக்கிழமையே வந்திட்டினமாம். வந்து ஹோட்டலில நிண்டவையாம்!" யோகமலர் ஒரு நண்டின் காலைப் படக்கென்று முறித்தாள். "ஏன், எங்கட வீட்டில படுத்தால் நுளம்பு தூக்கிக்கொண்டு போயிடுமோ?"

"எங்களுக்குக் கரைச்சல் குடுக்கக்கூடாது எண்டு நினைச்சிருப்பினம்," என்றார் சிவபாதம். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஊரில் தபாலதிபராக இருந்த மனுசன். இப்போது நகரத்தின் நடுவில் ஒரு கார் தரிப்பிடத்துப் பெட்டிக்குள் இருந்து ரிக்கற் கிழிக்கிறார். குறுக்கே எறும்பு போனால் 'எக்ஸ்கியூஸ் மீ' சொல்லி வழிவிடுகிற சாதி.

"உரிக்கிறது எனக்கு. அழுகிறது உங்கட அத்தானுக்கோ?"

"வெங்காயம், யோகம்."

காலையிலிருந்து சிவபாதம் ஒரு மாதிரித்தான் இருந்தார். இரண்டு முறை குளித்தார். மூன்று முறை குப்பை கொண்டுபோய்க் கொட்டினார். மூன்றாம் முறை குப்பையே இருக்கவில்லை, வெறும் பையைக் கொட்டினார்.

"இஞ்சரும், வேலையில ஆளில்லையாம். நான் ஒருக்காப் போட்டு ஓடி வரட்டே?"

"போங்கோ. ஆனா பிறகு திரும்பி வராதையுங்கோ."

அவர் அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

சாப்பாடு இரண்டாம் ஆயுதம். முதலாம் ஆயுதம் சுவரில், பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது.

வியாழக்கிழமை அவள் பிளாஸாவில் பஸ்ரியனின் வீடியோக் கடைக்குப் போயிருந்தாள். பஸ்ரியன் படக் கொப்பி வாடகைக்குக் கொடுப்பார், ரெலிபோன் காட் விற்பார், பாஸ்போட்டுக்குப் படம் எடுப்பார். ஆனால் கடை ஓடுவது லமினேற் மெஷினில்தான். எங்கள் சனம் லமினேற் பண்ணாத காகிதத்தைக் காகிதமாகவே மதியாது. பிறப்புச் சாட்சி, கலியாண எழுத்து, பிள்ளை நீந்தப் பழகினதற்குக் கொடுத்த துண்டு, கோயில் அர்ச்சனைச் சிட்டை. ஊரில் எத்தனை பெட்டி காகிதம் எரிந்தும் நனைந்தும் போனதென்று கண்ட சனம் அது. இங்கே கையில் ஒன்று கிடைத்தால், அதைப் பிளாஸ்ரிக்குக்குள் போட்டு மூடினால்தான் நித்திரை வரும்.

"மெல்லிசோ, தடிப்போ அக்கா?" என்று பஸ்ரியன் கேட்டார்.

"இருக்கிறதுக்குள்ள தடிச்சது போடும். பேரப்பிள்ளையளும் பாக்கோணும்."

பஸ்ரியன் போட்டார். கடிதம், கூட வந்த தாள்கள், எல்லாவற்றையும் பக்கம் பக்கமாகப் போட்டார். யோகமலர் அவற்றைச் சுவரில் வரிசையாக மாட்டி, மூலையில் சந்தனம் வைத்து, கிறிஸ்மஸுக்கு வாங்கின மின்குமிழ் மாலை ஒன்றையும் சுற்றிவிட்டாள். அமெரிக்கா சிவப்பும் பச்சையுமாக அணைந்து அணைந்து எரிந்தது.

* * *

பன்னிரண்டரைக்குக் கதவு தட்டுப்பட்டது.

முதலில் செல்வரட்ணத்தின் வயிறு உள்ளே வந்தது. பிறகு கழுத்தில் தொங்கிய வீடியோக் கமெரா. பிறகு அவர். பின்னால் இராஜேஸ்வரி, ஒரு பள்ளிக்கூடத்துக்கே காணுமளவு சொக்கிளேற்றோடு. கடைசியாக அவர்களின் மகன் மிதுனன். ஒஹாயோவில் பிறந்து வளர்ந்த பத்தொன்பது வயசு, ஆறடி உயரம், முகம் முழுக்கச் சிரிப்பு.

"மாமி! எலிவேற்றரில ஒரு தாத்தா என்னைக் கேட்டவர், தம்பி ஆற்ற மகன், எந்த ஊர், அம்மாவின்ர தகப்பன் ஆர் எண்டு. ஃபோர்ட்டீன் ஃப்ளோர்ஸும் கேட்டவர்! அம்மாவின்ர அப்பாவை அவருக்குத் தெரியுமாம்!"

"அது ஒன்பதாம் மாடி அங்கிள். கேட்டு முடியுமட்டும் இறங்கமாட்டார்," என்றாள் கௌசி. இருமின குழந்தைக்கு இப்போது பன்னிரண்டு வயசு. "ஹீ ஆஸ்க்ஸ் எவ்ரிபடி. தண்ணிக் குழாய் திருத்த வந்த ஆளையும் கேட்டவர்."

செல்வரட்ணம் வீட்டு ஹோலின் நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினார். சுற்றுவதற்கு அவ்வளவு நேரம் எடுக்கவில்லை.

"நல்ல வீடு, யோகம். கைக்கடக்கமா இருக்கு. எங்கட கராஜ் இப்பிடித்தான். கராஜ் எண்டால் குறைச்சலா நினையாதையும், ரெண்டு கார் விடலாம்."

யோகமலர் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து, சிவபாதம் குசினிக்குள் போய் ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தார்.

"இருங்கோ அண்ணை. இல்லை இல்லை, அதில வேண்டாம். இஞ்சால, இந்தக் கதிரையில."

சுவரைப் பார்த்த கதிரை. அவர் இருந்தார். ஆனால் பார்க்கவில்லை. நண்டுக்கறி மேசைக்கு வந்தபின் செல்வரட்ணத்துக்குச் சுவர் என்று ஒன்று உலகத்தில் இல்லை. யோகமலர் மின்குமிழ் மாலையைத் தட்டிவிட்டாள். சந்தனத்தைத் துடைத்துப் புதுசாக வைத்தாள். வராத தூசியை ஊதினாள். அவர் நண்டின் ஓட்டுக்குள் விரலை விட்டுக்கொண்டு அமெரிக்காவைப் பற்றிக் கதைத்தார்.

"அமெரிக்காவின்ர பெருமை என்ன தெரியுமே? ஒருத்தனும் ஒருத்தனையும் கேக்கமாட்டான். ஆற்ற மகன், எந்த ஊர், எந்தப் பகுதி, கொப்பர் என்ன செய்தவர், ஒரு கேள்வியுமில்லை. ஊரில என்ர அப்பரின்ர பேரைச் சொன்னால் சில வீட்டில கதிரை தரமாட்டினம். ஒஹாயோவில முதல்நாள் ஒருத்தன் வந்து கை குலுக்கினான், 'ஹலோ செல்' எண்டான், போட்டான். நான் காருக்குள்ள இருந்து அழுதனான். அதுதானப்பா எனக்கு அமெரிக்கா."

"அதுதான் டாட் எனக்குப் பிரச்சினை," என்றான் மிதுனன், வாய் நிறையப் பிட்டோடு. "ஒருத்தரும் கேக்கிறேல்லை. நைன்ரீன் இயர்ஸ். நோபடி ஆஸ்க்ட்."

செல்வரட்ணத்தின் முகம் சுருங்கியது. மிதுனன் தண்ணீர் எடுக்க நிமிர்ந்தவன், சுவரைப் பார்த்தான்.

"வாவ், மாமி! கிறீன் காட் லொத்தரா? யு வன்?"

கடைசியில்! யோகமலர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"ஓம் தம்பி, ஏதோ விழுந்துபோச்சு. எங்களுக்கென்ன, இருக்கிற இடமே காணும். அதுவாத்தான் வந்து விழுந்தது."

மிதுனன் எழும்பிப் போய் வாசித்தான். ஒருக்கால் வாசித்தான், பிறகு மூக்கைப் பிளாஸ்ரிக்கில் முட்டவைத்து இன்னொருக்கால் வாசித்தான்.

"மாமி... இது ஃபோர்ம். நிரப்பிச் சைன் வைச்சுத் திருப்பி அனுப்போணும்."

"அம்மா, நான் அண்டைக்கே சொன்னனான் ஃபுல்லா வாசிக்கோணும் எண்டு!" கௌசி கத்தினாள். "பிறகு பாப்பம் எண்டனீங்கள். நான் ஸ்கூலால வரமுன்னம் கொண்டு ஓடிட்டியள்!"

செல்வரட்ணம் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். கண்ணாடியைப் போட்டார். சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, மூலையில் ஒரு கோடு கீறிப் பார்த்தார். பேனை வழுக்கியது. நகத்தால் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தார். பஸ்ரியனின் மெஷின் அப்படியெல்லாம் விட்டுக்கொடுக்கிற மெஷின் இல்லை.

"யோகம்," என்றார். "அமெரிக்காவை ஊறுகாய் மாதிரி அடைச்சு வைச்சிருக்கிறீரே!"

சிரித்தார் பாருங்கள். வயிறு குலுங்கி, மேசை குலுங்கி, சொதிக்குள் கரண்டி ஆடியது. பதின்மூன்றாம் மாடியில் தும்புத்தடியால் முகட்டைத் தட்டினார்கள். யோகமலர் நின்ற இடத்திலேயே நின்றாள். காது மடல் எரிந்தது. அவரைச் சுட வைத்திருந்த சட்டியை அவரே எடுத்து அவள் தலையில் கவிழ்த்துவிட்டார். எதிர் வீடு போயிற்று. கருவாடு போயிற்று.

"சிரிச்சது காணும்!" இராஜேஸ்வரி அதட்டினாள். "கேட்டு வாங்க வந்த இடத்தில நிண்டு உந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு? வந்த விசயத்தைச் சொல்லுங்கோ."

சிரிப்பு நின்றது. யோகமலரின் காது நிமிர்ந்தது.

கேட்டு வாங்கவா?

* * *

செல்வரட்ணம் கதிரையில் இருந்தார். வயிறும் அவரோடு இறங்கி இருந்தது.

"மிதுனனுக்கு இஞ்ச, ரொறொன்ரோவில, யூனிவர்சிற்றி கிடைச்சிருக்கு," என்றார். "ஒஹாயோவில மூண்டு இடத்தில கிடைச்சது. மாட்டானாம். இஞ்சதான் படிக்கோணுமாம். ஹொஸ்ரலிலயும் நில்லானாம். மாமா மாமியோட, இந்த... இந்த பில்டிங்கிலதான் நிப்பன் எண்டு ஒற்றைக் காலில நிக்கிறான்."

"நாலு வருஷம், மச்சாள்," என்றாள் இராஜேஸ்வரி. "நீர் ஓமெண்டால்தான். உம்மட வீடு."

"யோசிச்சுப் பாரும் யோகம்!" செல்வரட்ணத்தின் குரல் உடைந்தது. "நான் உயிரைக் குடுத்து அமெரிக்காவுக்குப் போனது, இவன் அங்க பிறக்கோணும் எண்டு. இவன் அங்க பிறந்தது, ஸ்காபரோவுக்கு வாறதுக்காம்!"

"டாட், இஞ்ச பஸ் ஸ்ரொப்பில நிண்டாலே ரெண்டு பேர் தமிழில சண்டை பிடிக்கினம். இட்ஸ் பியூட்டிஃபுல்."

யோகமலருக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குள் நாலு கூட்டம் மேளம் ஒரே நேரத்தில் அடித்தது. அமெரிக்காவே, ஆறடி உயரத்தில், அமெரிக்க பாஸ்போட்டோடு, அவளுடைய வீட்டு வாசலில் வந்து இடம் கேட்டு நிற்கிறது. லொத்தர் விழுந்தது இப்போதுதான்.

சத்தியம் ஞாபகம் வந்தது. சிவபாதத்தின் தலையைப் பார்த்தாள். அதில் மிச்சமிருந்தது பத்துப் பன்னிரண்டு மயிர். அதற்கு இனி வரப்போகிற சேதம் பெரிய சேதமில்லை என்று முடிவு கட்டினாள்.

சிவபாதம் மெல்ல எழும்பி, வெறுமையான பாத்திரமொன்றைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனார்.

"அண்ணை," என்றாள் யோகமலர். பத்து வருஷம் தீட்டின வசனம். தேனில் தோய்த்து எடுத்தாள். "இது கனடா எல்லே. இஞ்ச வீட்டுக்கு வாறதெண்டால் ஒரு மாதத்துக்கு முதல் அப்பொயின்ற்மென்ற் எடுக்கோணும்."

சொல்லிவிட்டு அவருடைய முகத்தைப் பார்த்தாள். வெளிறும், கருகும், வெட்கத்தில் மூக்கு நுனி வியர்க்கும் என்று காத்திருந்தாள்.

செல்வரட்ணம் தலையை ஆட்டினார். "அப்பிடியே? அதுவும் நல்லதுதான். எங்க போய் எடுக்கிறது? பில்டிங் ஒஃபிசிலயோ?"

"நடியாதையுங்கோ!" யோகமலரின் தேன் முடிந்துவிட்டது. "எண்பத்தேழில நான் கைக்குழந்தையோட பஃபலோவில கிடக்க, இவர் போன் எடுத்துக் கெஞ்ச, நீங்கள் சொன்ன வசனம் அது! இருபத்துமூண்டு நாள் சீமெந்தில படுத்தனாங்கள். உங்கட புல்லுக்கு இருக்கிற இடம் எங்களுக்கு இருக்கேல்லை!"

"எந்தப் போன்?"

"பெப்ரவரியில எடுத்த போன்!"

"எண்பத்தேழு பெப்ரவரியிலயோ?" செல்வரட்ணம் மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்தாள். "யோகம், ஜனவரிக் கடைசியில நாங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போட்டமே. அம்மா ஆஸ்பத்திரியில கிடந்தவ. மார்ச் ரெண்டாம் திகதி மோசம் போனவ. கொள்ளி வைச்சது நான். அந்தியேட்டி முடிச்சு ஏப்ரலிலதான் திரும்பினனாங்கள். பூட்டின வீட்டில போன் அடிச்சால் ஆர் எடுக்கிறது? அணிலோ?"

"நீங்கள் பஃபலோவில கிடந்தது, கனடா வந்தாப்பிறகு தம்பி எழுதின காகிதத்திலதான் எங்களுக்குத் தெரியும்," இராஜேஸ்வரி அழுதுவிட்டாள். "தெரிஞ்சிருந்தால் விட்டிருப்பமே மச்சாள்? நடந்தெண்டாலும் வந்து தூக்கியிருக்கமாட்டமே?"

செல்வரட்ணத்தின் தாய் அந்த வருஷம் செத்தது யோகமலருக்குத் தெரியும். எந்த மாதம், யார் எங்கே நின்றார்கள் என்று ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை. கொள்ளி வைத்தவன் பொய் சொல்லலாம். ஆனால் முப்பத்தோராம் நாள் பந்தியில் இருந்து சாப்பிட்ட நூறு பேரும் சேர்ந்து பொய் சொல்லமாட்டார்கள்.

எல்லோரும் சிவபாதத்தின் கதிரையைப் பார்த்தார்கள். அது சும்மா இருந்தது. குசினிக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. கழுவின சட்டியை அவர் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இஞ்சருங்கோ," என்றாள் யோகமலர். மெதுவாகத்தான் சொன்னாள். தண்ணீர் நின்றது.

சிவபாதம் கை துடைக்கிற துணியோடு வந்து நின்றார்.

"அந்த வசனம் ஆர் சொன்னது?"

அவர் துணியை மடித்தார். திரும்ப விரித்தார். "நான்தான் யோசிச்சனான்."

"நீங்களோ?"

"அண்டைக்குக் காலமைதான் இமிகிரேஷன் ஒஃபிசர் 'அப்பொயின்ற்மென்ற்' எண்டு ஒரு சொல்லுச் சொன்னவன். எனக்குப் புதுசாக் கிடந்தது. வாயில வந்திட்டுது."

கௌசி வாயைப் பொத்திக்கொண்டாள். செல்வரட்ணம் கமெராவைக் கழற்றி மேசையில் வைத்தார்.

யோகமலர் ஊட்டி, உறக்கி, தலை வாரி வளர்த்த வன்மம் அது. பத்து வயசு. இப்போது போக இடமில்லாமல் நடு ஹோலில் திகைத்துப்போய் நின்றது. ஒரு நிமிஷந்தான் நின்றது. பிறகு, வேகம் ஒரு நூலும் குறையாமல், புது விலாசத்துக்குத் திரும்பியது.

"மிதுனன், தம்பி," என்றாள். "நீர் இஞ்ச நில்லும் ராசா. நாலு வருஷம் என்ன, நாப்பது வருஷம் நில்லும்."

"ரியலி, மாமி?"

"வேர் இஸ் ஹீ கோயிங் ரு ஸ்லீப், அம்மா?" கௌசி கேட்டாள்.

"கொப்பற்ற அறையில. அவற்ற குறட்டைக்கெண்டு ஒரு தனி அறை குடுத்து வைச்சிருக்கிறமெல்லே, அதில."

"அப்ப அப்பா?"

யோகமலர் செல்வரட்ணத்தின் பக்கம் திரும்பினாள். பத்து வருஷத்தில் முதல் முறையாக அவரை உண்மையான மரியாதையோடு பார்த்தாள்.

"அண்ணை, உங்கட வானில போகேக்க ஒரு சீற் வெறுமையாப் போகுதெல்லே? இவரை ஏத்திக்கொண்டு போங்கோ. அமெரிக்காவைப் பாக்கட்டும். புல்லு வெட்டட்டும்."

"எவ்வளவு நாளைக்கு?" சிவபாதம் ஈனமான குரலில் கேட்டார்.

"இருபத்துமூண்டு நாளைக்குக் குறையாமல். கட்டில் குடுக்காதையுங்கோ மச்சாள். கராஜில சீமெந்து நிலம் இருக்காம், அண்ணை இப்பதான் சொன்னவர்."

"நல்ல கராஜ்," என்றார் செல்வரட்ணம், தன்னை அறியாமல்.

* * *

நாலு மணிக்கு, 'ஓம்' கிடைக்கும் என்ற நம்பிக்கையில் வானில் ஏற்றி வந்திருந்த மிதுனனின் பெட்டிகள் மேலே வந்தன. சிவபாதத்தின் இரண்டு சேட்டும் ஒரு சாரமும் பாஸ்போட்டும் ஒரு பிளாஸாப் பைக்குள் அடங்கின.

மிச்ச நண்டுக்கறியை யோகமலர் ஐஸ்கிறீம் டப்பாவில் போட்டு இறுக்கி மூடி, செல்வரட்ணத்தின் கையில் கொடுத்தாள். "இது உங்களுக்கும் மச்சாளுக்கும். மற்ற ஆள் மணக்கவும் கூடாது." செல்வரட்ணம் அதைக் குழந்தைப்பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டு, வானை முன்பக்கம் கொண்டுவர, இராஜேஸ்வரியோடு கீழே போனார். சிவபாதம் பின்னால் தனியே புறப்பட்டார்.

அவள் எலிவேற்றர் மட்டும் போனாள். வழியனுப்ப இல்லை, அவர் உண்மையாகவே ஏறுகிறாரா என்று பார்க்க.

கதவு திறந்தது. சிவபாதம் உள்ளே போய்த் திரும்பி நின்றார். பை நெஞ்சோடு.

"யோகம்."

"என்ன?"

"நான் போன் எடுக்கேல்லை எண்டு நினையாதையும். ரெண்டு மணித்தியாலம் லைனில நிண்டு எடுத்தனான். கதைச்சும் கதைச்சனான்." அவர் இப்போதும் நிலத்தைத்தான் பார்த்தார். "ஆனா ஒஹாயோவுக்கு இல்லை."

"அப்ப ஆருக்கு?"

அந்தக் கட்டிடத்து எலிவேற்றர், கட்டின நாளிலிருந்து, கதவு சாத்த ஒரு பிள்ளை பெத்து வளர்க்கிற நேரம் எடுக்கும். பொத்தானைக் குத்தவேண்டும், உதைக்கவேண்டும், தேவாரம் பாடவேண்டும். அன்றைக்கு மட்டும் அது கத்தரிக்கோல் மாதிரிச் சாத்திக்கொண்டது. மேலே இலக்கங்கள் இறங்கின. பதின்மூன்று. பன்னிரண்டு.

கீழே வானின் ஹோர்ன் இரண்டு முறை அடித்தது.

யோகமலர் சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகினாள். மாடிப்படிக் கதவை ஒரே உதையில் திறந்தாள்.

(தொடரும்)